கூப்பிடு பேய்

கஞ்சி ஊற்றும் நேரத்துக்கு அய்யாவு வரவில்லை. மரவள்ளிக்கிழங்கோடு ஒரு பிடி அரிசியைப் போட்டுக் கொதிக்கவைத்த கஞ்சிதான் என்றாலும், விமானத் திடலில் வேலை செய்தவர்கள் மணி அடிப்பதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடுவார்கள். எழுந்து நிற்க முடிந்த எவரும் அதைத் தவறவிடுவதில்லை. இராசாத்தி தன் கொட்டாங்கச்சியில் கஞ்சியை வாங்கிக்கொண்டு ஆண்கள் கொட்டகைக்கு ஓடினாள்.

ஜப்பான்காரர்கள் மலாயாவின் கெடா மாநிலத்தைப் பிடித்து இரண்டாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. சுங்கைப் பட்டாணிக்கு வெளியே இருந்த விமானத் திடலில் குண்டுக் குழிகளை மூடவும் ஓடுபாதையை நீட்டவும் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். குருண் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த அய்யாவும் அவன் மனைவி இராசாத்தியும் அப்படி வந்தவர்கள்தாம். ஆண்கள் கல் உடைப்பார்கள், பெண்கள் கூடையில் சுமப்பார்கள். துணி கிடைக்காத காலம் என்பதால் எல்லோருக்கும் கோணிச்சாக்குதான் உடை. கல்லின் வெள்ளைத் தூசி தலைமுடியிலும் புருவத்திலும் அப்பிக்கொண்டு, பொழுது சாயும்போது யார் யாரென்றே தெரியாது.

அய்யாவு மூங்கில் தட்டியின் மேல் சுருண்டு கிடந்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் திறந்திருந்தும் அவளைத் தெரிந்துகொள்ளவில்லை. கூட்டத்தை மேய்க்கும் மண்டோர் அப்பளசாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"மலேரியா தலைக்கேறிருச்சு. காலையில ஆள் எண்ணும்போது இவன் எந்திரிக்கலன்னா காய்ச்சக் கொட்டாய்க்குத் தூக்கிருவாங்க லா" என்றான்.

காய்ச்சல் கொட்டகை திடலின் கடைக்கோடியில், தண்ணீர் தேங்கும் தாழ்வில் இருந்தது. அங்கே கொண்டுபோனவர் யாரும் திரும்பி வந்ததில்லை. மருந்து போகவில்லை, சோறும் போகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இராசாத்தியின் பக்கத்தில் நின்று கூடை மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்த செல்லாயியையும் சில நாளைக்கு முன்னால் அங்கேதான் தூக்கிப்போனார்கள். அவள் புருசனை ஏற்கெனவே சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மறுநாளே செல்லாயி செத்துவிட்டாள் என்று சேதி வந்தது. இராசாத்தி அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை.

"அண்ணே, எங்க தோட்டத்துல முன்ன ஊசி மருந்து போடுற டிரெஸ்ஸரா இருந்த பரஞ்சோதி ஐயா இப்ப டவுன்லதான் இருக்காராம். கோயிலுக்குப் பின்னால சந்துல வீடாம். அவருகிட்ட கொண்டுபோனா பொழைக்க வச்சிருவாரு."

அப்பளசாமி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான். "பின்னால வேலி இன்னும் போடல. பால்மரக் காட்டுக்குள்ள பூந்தா மண்ரோடு வரும். அதுல போனா டவுன். கல்லு தள்ற வண்டி ஒண்ண எடுத்துக்க. ஆனா ஒண்ணு, திரும்பி வந்துறாத. ரெண்டு பேரும் செத்துட்டீங்கன்னு நான் சொல்லிக்கிறேன். அப்பத்தான் தேடமாட்டானுங்க."

அப்படித்தான் இராசாத்தி, உயிரோடு இருக்கும்போதே செத்தவள் கணக்கில், புருசனைத் தள்ளுவண்டியில் கிடத்திக்கொண்டு இருட்டில் புறப்பட்டாள்.

ரப்பர்க் காட்டுக்குள் நிலவு இறங்கவில்லை. வண்டிச் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் மரங்களில் மோதி, வேறொரு வண்டி பக்கத்தில் வருவதுபோல் திரும்பி வந்தது. காட்டைத் தாண்டியதும் ஒரு தோட்டத்து லயம் தெரிந்தது. மனிதர் இருந்தால் ஒரு கை பிடிக்கச் சொல்லலாம் என்று அவள் வேகமாகத் தள்ளினாள்.

லயத்தில் யாரும் இல்லை. இரண்டு வரிசை வீடுகளிலும் கதவுகள் திறந்தபடி கிடந்தன. ஒரு வீட்டுக்குள் சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அது மெல்ல ஆடியது. இராசாத்தி தன்னையறியாமல் உள்ளே எட்டிப் பார்த்தாள். தொட்டிலில் காய்ந்த இலைகள் கிடந்தன. அடுப்புச் சாம்பலில் புல் முளைத்திருந்தது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அந்தத் தோட்டத்தை மொத்தமாகச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அங்கே நிற்கப் பயந்து வண்டியைத் தள்ளினாள்.

மண்சாலையில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. அடியில் கட்டிய அரிக்கன் விளக்கு கறுப்புத் துணிக்குள் மினுங்கியது.

"அண்ணே! கொஞ்சம் நிறுத்துங்கண்ணே!"

வண்டிக்காரன் தலையைத் தூக்கினான். கோணி உடுத்தி, விரித்த முடியெல்லாம் வெளுத்து, முகம் சுண்ணாம்பாய் இருந்த ஒரு பெண் நடுச்சாலையில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் தள்ளுவண்டியில் ஒரு உடம்பு. "முருகா! முருகா!" என்ற அலறலோடு சாட்டை விழுந்தது. மாடுகள் அவளை உரசிக்கொண்டு பாய்ந்தோடின. ஏன் ஓடுகிறான் என்று இராசாத்திக்கு விளங்கவில்லை. தனக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டான் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் வண்டியை வேகமாகத் தள்ளினாள்.

அப்போதுதான் அதைக் கேட்டாள். சக்கரச் சத்தத்துக்கு நடுவே, பின்னால், யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது.

"அக்கா…"

குரல் காய்ந்த சருகைப்போல் இருந்தது. இராசாத்தி பதில் சொல்லவில்லை. இருட்டில் முதல் குரலுக்கு வாய் திறக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். பேய் மூன்று முறை கூப்பிடாது என்பார்கள்.

"அக்கா… நில்லுக்கா…"

மேகம் விலகி நிலவு சாலையில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். கொஞ்ச தூரத்தில், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, செத்துப்போன செல்லாயி நின்றுகொண்டிருந்தாள். கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். கோணி ஒரு தோளிலிருந்து நழுவிக் கிடந்தது. செல்லாயி ஒரு கையைத் தூக்கினாள்.

இராசாத்தி ஓடினாள். வண்டியோடு ஓடினாள். அய்யாவின் தலை பலகையில் இடித்தும் நிற்கவில்லை. பின்னால் குரல் இன்னும் ஒருமுறை கேட்டது. மூன்றாவது முறை. அதை அவள் எண்ணவில்லை.

அவள் நினைவில் சுங்கைப் பட்டாணி என்றால் வெளிச்சம். சம்பள நாளில் அய்யாவோடு வந்து பார்த்த டவுன் அது. கடைவாசலெல்லாம் காஸ் விளக்கு, பலகாரக் கடைப் புகை, எங்கிருந்தோ ஒரு கிராமபோன் பாட்டு. டவுனுக்குள் கால் வைத்துவிட்டால் போதும், மனிதர்கள் இருப்பார்கள், பேய்க்கு அங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டே பாலத்தைத் தாண்டினாள்.

டவுனில் ஒரு வெளிச்சமும் இல்லை. விமானத் தாக்குதலுக்குப் பயந்து சன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கடைகள் பலகை போட்டு அடைத்துக் கிடந்தன. தெரு முழுக்க அவளுடைய சக்கரத்தின் கிறீச்சொலி மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆனால் வீடுகளுக்குள் ஆட்கள் விழித்திருந்தார்கள். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அவள் ஒரு வாசலை நெருங்கும்போது உள்ளே முணுமுணுப்பு நின்றுபோகும். சக்கரம் தாண்டிய பிறகு மறுபடி தொடங்கும்.

கோயில் தெரு முனையில் மளிகைக்கடை மாணிக்கவாசகத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அய்யா, டிரெஸ்ஸர் வீடு எதுன்னு மட்டும் சொல்லுங்கய்யா. கதவத் தெறக்க வேணாம்." பலகைக்குப் பின்னால் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. பதில் வரவில்லை. அடுத்த வீட்டிலும் வரவில்லை. அதற்கடுத்த வீட்டில் யாரோ உள்ளேயிருந்து திருநீற்றை வாசலை நோக்கி வீசினார்கள். கதவிடுக்கு வழியாக அது அவள் காலில் வந்து விழுந்தது.

அந்த டவுனில் சில மாதங்களாக ஒரு கதை உலவிக்கொண்டிருந்தது. இரவில் ஒரு பெண் வந்து வீடு வீடாகக் கூப்பிடுகிறாளாம். கதவு திறந்தவர் விடிவதற்குள் ரத்தம் கக்கிச் சாவாராம். கூப்பிடு பேய் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். யார் தொடங்கிய கதை என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. தப்பி வந்தவனுக்குச் சோறு போட்டால் இராணுவப் போலீஸ் வரும், நோயாளியைச் சேர்த்தால் நோய் வரும். கதவைத் திறக்காததற்குக் காரணம் பயம் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கும். பேய் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

பரஞ்சோதியின் வீட்டைச் சந்தின் கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். பழைய தோட்டத்து மருந்துப் பெட்டி ஒன்று, சிவப்புச் சிலுவைக் குறி அழிக்கப்பட்டு, வாசலில் கோழிக்கூடாக வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெட்டியை அவளுக்குத் தெரியும்.

"டிரெஸ்ஸர் ஐயா! ஐயா!"

உள்ளே பரஞ்சோதி எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவி குணவதி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருங்க. அதுதான்."

"ஐயா, குருண் தோட்டத்து இராசாத்தி வந்திருக்கேன். அய்யாவு பொண்டாட்டி. அவருக்கு மலேரியா ஐயா, நெனவே இல்ல."

"பேரு சொல்லுது குணவதி" என்றார் பரஞ்சோதி மெதுவாக. "நான் அங்க இருந்தவன்தானே."

"பேய்க்குத் தெரியாத பேரா? எங்கேயோ செத்த யாரோ ஒருத்தி."

"மூணு தடவைக்கு மேலயே கூப்பிட்டாச்சு."

"அதெல்லாம் அந்தக் காலத்துப் பேய். இப்ப எத்தன வேணும்னாலும் கூப்பிடுது." குணவதியின் குரல் தாழ்ந்தது. "அப்படியே ஆளா இருந்தாலும் என்ன செய்யப் போறீங்க? தரைக்கு அடியில பொதச்சு வச்சிருக்கிற கொய்னா மருந்த எடுப்பீங்களா? எவனாவது உளவு சொன்னா உங்க தலைய வெட்டிப் பாலத்துல வைப்பானுங்க. பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். கதவு தட்டும் சத்தம் தொடர்ந்தது. பிறகு கையால் தட்டுவது நின்று, தலையால் முட்டுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அதுவும் நின்றது. வெளியே யாரோ குமட்டி வாந்தியெடுத்தார்கள். அதன்பின் வெகுநேரம் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று குணவதி கைகூப்பினாள்.

போகவில்லை. இராசாத்தி வாசற்படியில் உட்கார்ந்து புருசனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கெஞ்சுவதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கோபம் மட்டும் மிச்சமிருந்தது. எழுந்து நின்று, தோட்டத்துக் குழாயடியில் ஏசுவதுபோல் ஏசத் தொடங்கினாள்.

"கட்டையில போறவங்களா! உங்க வீட்டு நெலையில கரையான் அரிக்க! நான் பேயா இருந்தா உன் கதவ எதுக்குய்யா தட்றேன்? பூட்டோட பூந்து உள்ள வந்து உன் கழுத்த நெரிச்சிருக்க மாட்டேன்? தோட்டத்துல எனக்கு ஊசி போட்டுட்டு எங்க வீட்டுக் கோழிய வாங்கிட்டுப் போனியே, அந்தக் கோழிக் கடனுக்காச்சும் வெளிய வந்து இவரு செத்துட்டாரா பொழச்சிருக்காரான்னு சொல்லிட்டுப் போய்யா!"

பரஞ்சோதி மனைவியின் கையை விலக்கினார். "பேய் இப்படி ஏசாது" என்றார். தாழ்ப்பாளை எடுத்தார்.

அய்யாவை உள்ளே கொண்டுவந்து கிடத்தினார்கள். தப்பி வந்த விதத்தையும் மண்டோர் சொல்லப்போகும் பொய்யையும் இராசாத்தி சொன்னாள். பரஞ்சோதி நாடி பார்த்தார், இமையைத் திறந்து பார்த்தார். தரைப் பலகையைப் பெயர்த்து மருந்தை எடுத்து ஊசி போட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் குணவதி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இராசாத்தியின் நெற்றி கதவில் மோதிப் புடைத்திருந்தது. குணவதி ஈரத்துணியால் துடைக்கப் போனபோது, வெள்ளைத் தூசி கலைந்து உள்ளேயிருந்து சாதாரணமான, களைத்த, முப்பது வயதுப் பெண்முகம் வெளிவந்தது.

"தனியாவா வந்த?"

"தனியாத்தான்க்கா. இல்ல…" இராசாத்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணு பின்னாலயே வந்துச்சுக்கா. செல்லாயி. காய்ச்சக் கொட்டாயில செத்துப்போனவ. நானே பாத்தேன். அக்கா, அக்கான்னு கூப்பிட்டா. நான் ஓடியாந்துட்டேன்."

பரஞ்சோதி தலையைத் தூக்கினார். "அவ பொணத்த நீ பாத்தியா?"

"இல்ல. செத்துட்டான்னு சொன்னாங்க."

"உங்க மண்டோர் நாளைக்கு உன்னையும் அப்படித்தான் சொல்லப் போறான்."

இராசாத்தி அவரையே பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, தூக்கிய கையை, மூன்றாவது தடவை வந்த குரலை எல்லாம் இப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள்.

"பேயி எதுக்குக்கா மரத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்?" என்றாள்.

அவள் எழுந்தாள். புருசனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற அவளைப் பார்த்து குணவதி தன் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவரு இவரப் பாத்துக்கட்டும். வா, நானும் வர்றேன்."

"நீயா?" என்றார் பரஞ்சோதி.

"கதவத் தெறக்கவிடாம உங்களப் புடிச்சது நான்தானே" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு பெண்களும் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. வீடுகளுக்குள் முணுமுணுப்பு நின்றது. இத்தனை நாளும் உள்ளேயிருந்து கேட்ட அந்த அமைதி வெளியே நின்று கேட்டால் எப்படியிருக்கும் என்று குணவதிக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கதவும் தன்னைப் பார்த்துப் பயப்படுவதுபோல் இருந்தது. அவள் பிறந்து வளர்ந்த தெரு அது.

பாலத்தைத் தாண்டிக் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். பதில் இல்லை. சாலைக்கு அடியில் போன மதகுக் குழாய் ஒன்றின் அருகே இராசாத்தி நின்றாள். புல்லுக்குள் மூச்சுச் சத்தம் கேட்டது. செல்லாயி குழாயின் வாயில் ஒண்டி, கண்களை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். கைபட்டதும் உடம்பெல்லாம் உதறியது.

"நான் பேயில்லக்கா. நான் சாகலக்கா. பொணத்தோட பொணமாப் போட்டுட்டாங்க, ஊர்ந்து வந்தேன். ஒன் வண்டியப் பாத்துத்தான்க்கா பின்னாலயே வந்தேன். நான் சாகலக்கா…"

திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இராசாத்தி அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "தெரியும்டி, தெரியும்டி" என்று அழுதாள். குணவதிக்கு அந்தப் பெண்ணைத் தொடக் கை வரவில்லை. உடம்பு அப்படிச் சில்லிட்டிருந்தது. பிறகு குனிந்து அந்தக் கால்களைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவற்றில் சூடு தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. பரஞ்சோதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே இராசாத்திக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"உடம்புல மருந்து ஏறறதுக்கு நேரம் இல்ல" என்று பரஞ்சோதி மனைவியிடம் சொன்னார். குரல் மிகத் தாழ்வாக இருந்தது. "அவ முதல்ல கூப்பிட்டப்பவே தெறந்திருந்தா ஒருவேள…" அவர் செல்லாயியைத் தூக்கிப் போய்ப் படுக்கவைத்து, மிச்சமிருந்த மருந்தை அவளுக்குப் போட்டார். அவள் பிழைத்தாள்.

இராசாத்தி சத்தம் போட்டு அழவில்லை. ஏசவும் இல்லை. அய்யாவின் முடியிலிருந்த கல்தூசியை விரல்களால் கோதி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறும்போது மாணிக்கவாசகம் வாசலுக்கு வந்தார். ராத்திரி கண்விழித்த களைப்பும், ஒரு பெரிய கண்டத்திலிருந்து தப்பிய பூரிப்பும் அவர் முகத்தில் இருந்தன.

"டிரெஸ்ஸரே! ராத்திரி கேட்டுச்சா? எங்க கதவுலதான் முதல்ல வந்து தட்டுச்சு. பொம்பளக் குரல். நான் அசையவே இல்லையே! கூடவே பொண்டாட்டி புள்ளைங்க வாயப் பொத்திட்டேன். நல்லவேள தெறக்கல. தெறந்திருந்தா இந்நேரம் ஒரு உசிரு போயிருக்கும் லா."

பரஞ்சோதி தலைகுனிந்தார். குணவதிதான் எழுந்து வந்தாள்.

"உள்ள வாங்கண்ணே."

அவர் உள்ளே வந்தார். வெள்ளைத் துணி மூடிய உடம்பைப் பார்த்தார். அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். இராசாத்தி தலையைத் தூக்கி, "டிரெஸ்ஸர் வீடு எதுன்னு மட்டும்தான்ய்யா கேட்டேன்" என்றாள். அதே குரல். மாணிக்கவாசகம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள மட்டும் சொல்லலண்ணே" என்றாள் குணவதி. "இந்த வீட்டுக் கதவயும் நான்தான் தெறக்கவிடல. அதனால சொல்றேன், தெருவுல எல்லாருகிட்டயும் போய்ச் சொல்லுங்க. பேய்க்குக் கதவத் தெறந்து செத்தவங்க ஒருத்தரக்கூட நான் கண்ணால பாத்ததில்ல. மனுசருக்குத் தெறக்காததால செத்தவரு இதோ படுத்திருக்காரு. இனிமே ராத்திரியில ஒரு குரல் கேட்டா, அது பேயான்னு அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அது நம்ம ஆளுன்னு நெனச்சு எந்திரிங்க."

மாணிக்கவாசகம் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அய்யாவைத் தூக்கக் குனிந்தார்.